மெயிலில் ஒரு வரி பெரிது, ஒரு வரி சிறிது: கோளாறு எங்கே, எப்படிச் சரிசெய்வது

வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு மெயில் அனுப்பினேன். கடிதம் ஒன்றுதான், மேலே பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினேன். ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. அதற்குக் கீழே என் கடிதம் அப்படியே இருந்தது, பார்த்தால் "மதிப்பிற்குரிய" என்பது ஓர் அளவில், அதை அடுத்த பெயர் மட்டும் ஒரு சுற்றுப் பருத்து வேறு எழுத்துருவில். எல்லோருக்கும் ஒரே கடிதம்தான் போகிறது என்பதை அந்தப் பெயரே போட்டுக்கொடுத்துவிட்டது. அனுப்பும்போது என் திரையில் இது கண்ணில் படவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தில் தேவைக்கு மேலேயே மெனக்கெட்டிருக்கிறேன். பிடிபட்டது இதுதான்: மெயிலில் எழுத்து கோணல்மாணலாக வந்தால், பெரும்பாலும் நாம் கண்ணுக்குத் தெரியாமல் எதையோ கூடச் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். அதனால் கீழே சொல்லும் வைத்தியத்தில் பாதி, உரித்துப் போடுகிற வேலை. முழு மெயிலையும் செலக்ட் செய்து மேலே ஒரு எழுத்துருவைப் பூசிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன், அது சுவரில் ஈரம் இருக்கும்போது பெயின்ட் அடிப்பது மாதிரி, இரண்டு ரிப்ளை போய்வந்தால் உரிந்துவிடும்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள்

எதையும் தொடுவதற்கு முன்னால் அந்த மெயிலை உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறொரு நிறுவனத்தின் மெயில் கணக்குக்கு அனுப்புங்கள். கணினியில் ஒருமுறை, ஃபோனில் ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கே திறந்தாலும் அதே வரி அதே மாதிரி உறுத்துகிறது என்றால் கோளாறு மெயிலுக்குள்ளே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் உறுத்தினால் அந்தத் திரையின், அந்த ஆப்பின் வேலை. புதிதாக எழுதும் மெயில் எல்லாம் ஒழுங்காக இருந்து ரிப்ளை மட்டும் மாறினால், அது அமைப்புகளில் இருக்கிற ஒரு சின்ன விஷயம், இரண்டு நிமிடத்தில் முடியும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள்: பிரவுசரில் மெயில் பார்ப்பவர் என்றால் கன்ட்ரோலையும் பூஜ்ஜியத்தையும் சேர்த்து அழுத்துங்கள், மேக்கில் கமாண்டும் பூஜ்ஜியமும். ஜூம் எங்கேயாவது 110, 125 என்று போயிருந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது கன்ட்ரோலில் கை பட்டு, அதனால் "மெயில் எல்லாம் திடீரென்று பெரிசாகிவிட்டது" என்று தவித்தவர்கள் நிறையப் பேர்.

ஒட்டிய பகுதி மட்டும் வேறு மாதிரி தெரிகிறது

எல்லாவற்றிலும் அதிகம் வருவது இதுதான். வலைப்பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ இன்னொரு மெயிலிலிருந்தோ ஒரு பத்தியை எடுத்து ஒட்டுகிறீர்கள். எழுத்தோடு சேர்ந்து அதன் எழுத்துரு, அளவு, நிறம், வரி இடைவெளி, சில சமயம் பின்னணி நிறம்கூட வந்துவிடும். இப்போது ஏஐ சாட்டிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம், தலைப்புகள் கொட்டை எழுத்தில், நடுவே சாம்பல் பட்டை என்று மொத்தச் சீர்வரிசையும் கூடவே வரும்.

அளவு ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஜிமெயிலில் "நார்மல்" என்று இருப்பது சுமார் 13 பிக்சல். அவுட்லுக்கில் பல வருடம் இயல்பாக இருந்தது காலிப்ரி 11 பாயின்ட். பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, பிக்சல் 96இல் ஒரு பங்கு, ஆக 11 பாயின்ட் ஏறத்தாழ 14.7 பிக்சல். வலைப்பக்கம் என்றால் பிரவுசரின் இயல்பு அளவே 16 பிக்சல். ஆகவே மூன்று இடத்திலிருந்து மூன்று வரியை எடுத்து ஜிமெயிலில் ஒட்டினால், யாரும் எந்த அளவையும் தொடாமலே 13, 14.7, 16 என்று படிக்கட்டு மாதிரி நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பிக்சல் வித்தியாசத்தைக்கூடக் கண் பிடித்துவிடும், தனியாகப் பார்த்தால் பிடிக்காது. அன்றைக்கு அந்தப் பெயர் பக்கத்திலேயே இருந்தும் என் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், எழுதும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது எழுத்துப் பிழையை மட்டும்.

ஒட்டும்போதே வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டால் பிரச்சினையே வராது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களிலும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஆப்பிள் மெயிலில் ஆப்ஷன், ஷிஃப்ட், கமாண்ட், வி நான்கும், விரல் கொஞ்சம் மடங்கும். அவுட்லுக்கின் பழைய வடிவில் (கிளாசிக் அவுட்லுக்) வலது கிளிக் செய்து "கீப் டெக்ஸ்ட் ஒன்லி" என்ற படத்தைத் தட்டலாம். தினமும் ஒட்டுகிறவர் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், எடிட்டர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று உள்ளே போய், வேறு மென்பொருளிலிருந்து ஒட்டும்போது எழுத்தை மட்டும் வைத்துக்கொள் என்று நிரந்தரமாகவே சொல்லிவைத்துவிடலாம். நான் அதைத்தான் செய்திருக்கிறேன், வருடத்தில் இரண்டு தடவை அட்டவணை ஒட்டும்போது மட்டும் சிரமம், பரவாயில்லை.

ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் அந்தப் பகுதியை செலக்ட் செய்து வடிவமைப்பை நீக்குங்கள். ஜிமெயிலில் கன்ட்ரோலும் பின்சாய்வுக் கோடும், அல்லது கருவிப்பட்டையில் கோடு போட்ட டி மாதிரி இருக்கும் படம். அவுட்லுக்கில் கன்ட்ரோலும் ஸ்பேஸும். தண்டர்பேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஒய். இதைச் செய்தால் நீங்களே போட்ட தடித்த எழுத்தும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள், ஆகவே முதலில் உரித்துவிட்டு அப்புறம் தேவையானதை மட்டும் தடிப்பாக்குங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒட்டியது பாமினி மாதிரியான பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் என்றால் அதன் வடிவமைப்பை நீக்கிவிடாதீர்கள். அந்த வகை எழுத்துருவில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது அந்த எழுத்துரு மட்டுமே. "தமிழ்" என்ற சொல்லே பாமினியில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை உரித்தவுடன் அதுதான் மிஞ்சும். அந்த எழுத்துரு இல்லாதவருக்கு மெயில் போனாலும் இதே கதி. முதலில் யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு மாற்றிவிட்டு, பிறகு ஒட்டுங்கள். வேறு வழி இல்லை.

சரிசெய்தேன், ஆனால் வரிகளைச் சேர்த்ததும் மறுபடி கெட்டுவிட்டது

பிரவுசரில் மெயில் எழுதும்போது ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டு வரிகளைச் சேர்க்கலாம் என்று கீழ்வரியின் தொடக்கத்தில் பேக்ஸ்பேஸ் அழுத்துவீர்கள். கீழ்வரி மேலே ஏறி வந்து உட்காரும்போது, தான் இருந்த இடத்தின் அளவையும் எழுத்துருவையும் ஒரு சிறு உறைக்குள் போட்டு எடுத்து வந்துவிடும். நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் பாதி வரி மாறிவிட்டது. வந்த மெயிலின் மேற்கோள் பகுதிக்குள் புகுந்து வரிக்கு வரி பதில் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

அதே மாதிரி, தடித்த சொல்லின் கடைசி எழுத்தை ஒட்டியோ சிக்னேச்சருக்கு நேர் மேலே இருக்கும் வரியிலோ கர்சரை வைத்துத் தட்ட ஆரம்பித்தால், புதிய எழுத்துகள் பக்கத்து வீட்டு வடிவத்தைச் சுவீகரித்துக்கொள்ளும். காலி வரிகளையும் நம்ப முடியாது. அதில் எழுத்தே இல்லை, ஆனாலும் அதற்கு ஓர் அளவு உண்டு, அது 18 பாயின்ட் என்றால் இரண்டு பத்திக்கு நடுவே பெரிய பள்ளம் விழும், எழுத்தை எவ்வளவு சரிசெய்தாலும் அந்தப் பள்ளம் போகாது. செலக்ட் செய்யும்போது காலி வரியையும் சேர்த்து எடுங்கள்.

இப்படிச் சிக்கலாகிப்போன மெயிலை ஒவ்வொரு சொல்லாகத் தடவிக்கொடுத்துச் சரிசெய்ய உட்காராதீர்கள், பொழுது போய்விடும். மொத்தத்தையும் கட் செய்து, வெறும் எழுத்தாக அதே இடத்தில் ஒட்டி, இணைப்புகளையும் தடித்த சொற்களையும் மறுபடி போடுவது ஐந்து நிமிட வேலை. (இணைப்புகளின் முகவரி போய்விடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே எங்காவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லாமல் விடுகிறேன்.)

எனக்கு அழகாகத் தெரிகிறது, அவருக்கு டைம்ஸ் நியூ ரோமனில் போகிறது

ஜிமெயிலில் நீங்கள் இயல்பு எழுத்துநடை எதையும் மாற்றாமல் எழுதினால், மெயிலோடு எழுத்துரு பற்றிய தகவலே போவதில்லை. ஜிமெயில் தன் திரையில் அதை ஏரியல் மாதிரிக் காட்டுகிறது, அவ்வளவுதான். எதிர்முனையில் அவுட்லுக்கின் பழைய வடிவம் இருந்தால், எழுத்துரு சொல்லப்படாத மெயிலை அது டைம்ஸ் நியூ ரோமனில் காட்டும். அவுட்லுக் 2007 முதல் அந்த வடிவங்கள் மெயிலை வரைந்து காட்டப் பயன்படுத்துவது பிரவுசர் இயந்திரத்தை அல்ல, வேர்டின் இயந்திரத்தை. அதனால்தான் ஒரே மெயில் அங்கே மட்டும் வேறு முகத்தோடு நிற்கிறது.

ஜிமெயிலின் அமைப்புகளில் ஜெனரல் பக்கத்தில் "டிஃபால்ட் டெக்ஸ்ட் ஸ்டைல்" என்று ஒன்று உண்டு. அங்கே ஓர் எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்தால், அடுத்த மெயிலிலிருந்து அந்தத் தகவலும் சேர்ந்து போகும். பக்கத்தின் அடிவரை போய் "சேவ் சேஞ்சஸ்" அழுத்தவேண்டும், அதை மறந்துவிட்டு "மாற்றினேன், வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களை எண்ணி மாளாது. இந்த அமைப்பு கணினியில் பிரவுசரில் எழுதுவதற்கு மட்டும். ஃபோன் ஆப்பில் எழுதும் மெயிலுக்கு இது செல்லாது. காலையில் கணினியில் தொடங்கிய டிராஃப்டை மாலையில் ஃபோனில் முடித்து அனுப்பினால் மேல்பாதி ஒரு மாதிரி, கீழ்பாதி ஒரு மாதிரி ஆவது இப்படித்தான்.

ஆப்பிள் மெயிலில் "ஃபாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்" பகுதியில் மெசேஜ் எழுத்துரு என்று தேர்ந்தெடுப்பது உங்கள் கண்ணுக்காக. பெறுபவருக்கும் அதே எழுத்துருவில் போகும் என்று நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு காரணம், நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு அவரிடம் இல்லாமல் இருப்பது. எழுத்துருவின் பெயர்தான் மெயிலில் போகிறது, எழுத்துரு போவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2007இல் கொண்டுவந்த காலிப்ரியின் இடத்தில் 2023இல் ஆப்டோஸை இயல்பாக்கியது. ஆப்டோஸ் இல்லாத கணினிக்கு அது போனால், அங்கே இருக்கிற ஏதோ ஒன்றில் தெரியும். வெளியாட்களுக்கு அதிகம் எழுதுபவர் ஏரியல், வெர்டானா, ஜார்ஜியா, தஹோமா என்று விண்டோஸ், மேக் இரண்டிலும் கிடைக்கிற பழைய முகம் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. சலிப்பான தேர்வுதான். ஆனால் சலிப்பான எழுத்துருவைப் பற்றி யாரும் இதுவரை என்னிடம் புகார் சொன்னதில்லை.

புது மெயில் ஓர் அளவு, ரிப்ளை வேறு அளவு

அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், அங்கே "ஸ்டேஷனரி அண்ட் ஃபாண்ட்ஸ்". உள்ளே மூன்று பெட்டிகள் இருக்கும்: புது மெயிலுக்கு ஒன்று, ரிப்ளைக்கும் ஃபார்வர்டுக்கும் ஒன்று, வெறும் எழுத்து மெயிலுக்கு ஒன்று. முதல் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறோம். மூன்றையும் ஒன்றாக்குங்கள், கதை முடிந்தது. புதிய அவுட்லுக்கிலும் வலை வடிவிலும் அமைப்புகளில் மெயில், "கம்போஸ் அண்ட் ரிப்ளை" என்று போனால் எழுத்துரு, அளவு இரண்டும் அங்கே இருக்கும்.

அதையும் செய்தாயிற்று, குறிப்பிட்ட ஒருவருக்கு எழுதும் ரிப்ளை மட்டும் மாறுகிறது, தடிப்பு போடும் பொத்தான்கூட மங்கிக் கிடக்கிறது என்றால், அவர் உங்களுக்கு வெறும் எழுத்து மெயில் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் எழுதும்போது அவுட்லுக்கும் அதே வகையைப் பின்பற்றும். வெறும் எழுத்து மெயிலில் எழுத்துரு, அளவு என்ற பேச்சே கிடையாது, நீங்கள் பார்ப்பது உங்கள் ஆப் தன் வசதிக்குக் காட்டுவது. ஃபார்மேட் டெக்ஸ்ட் பகுதியில் ஹெச்டிஎம்எல் (வடிவமைப்போடு போகும் வகை) என்று மாற்றலாம். ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளி மெனுவில் "பிளைன் டெக்ஸ்ட் மோட்" மீது டிக் இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை கைதவறிப் பட்டால் அது அப்படியே நின்றுவிடும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்தால் ஒன்று சிறுத்து ஒன்று பருக்கிறது

இதுதான் நமக்கு நிரந்தரத் தலைவலி. இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் ஒரு வரியும் இருக்காது.

ஏரியலிலும் காலிப்ரியிலும் தமிழ் எழுத்துகளே இல்லை. நீங்கள் செலக்ட் செய்து ஏரியல் என்று போட்டாலும் தமிழுக்கு அது பொருந்தாது, கணினி தன்னிடம் உள்ள ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்து அந்த இடத்தில் நிரப்பும். விண்டோஸில் முன்பு அது லதா, பிறகு விஜயா சேர்ந்தது, விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா யூஐ. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி போன்றவை. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். லதா அகலமாக உட்காரும், விஜயா அதே 11 பாயின்டில் பொடியாகத் தெரியும். அளவு எண் ஒன்றேதான், ஆனால் அந்த எண் குறிப்பது எழுத்தின் உயரத்தை அல்ல, எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரத்தை. தமிழில் மேலே கி, கீ என்று கொக்கியும் கீழே கு, ணூ என்று சுழியும் வருவதால் கட்டத்துக்குள் இரண்டு பக்கமும் இடம் விடவேண்டியிருக்கிறது. எவ்வளவு விடுவது என்பது ஒவ்வொரு எழுத்துருக்காரரின் முடிவு. ஆகவே உங்கள் திரையில் தமிழும் ஆங்கிலமும் சமமாகத் தெரியும்படி எண்ணைக் கூட்டிக் குறைத்து வைத்தால், எதிர்முனையில் வேறு தமிழ் எழுத்துரு நிரம்பும்போது அது தலைகீழாகிவிடும். தமிழை 13, ஆங்கிலத்தை 11 என்று கையால் ஒட்டுப்போடுவதை விட்டுவிடுங்கள், இரண்டையும் ஒரே எண்ணில் வையுங்கள்.

அவுட்லுக்கில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு பொறி உண்டு. வேர்ட் இயந்திரம் தமிழைச் "சிக்கலான வரிவடிவம்" என்ற தனிப் பிரிவில் வைக்கிறது. அந்தப் பிரிவுக்குத் தனி எழுத்துரு, தனி அளவு. எழுத்துருப் பெட்டியை கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தித் திறந்தால் மேலே லத்தீன் எழுத்துக்கு ஒரு வரிசையும், கீழே "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்று இன்னொரு வரிசையும் தெரியும். கீழ்வரிசை தெரியவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழை எழுதும் மொழியாகச் சேர்க்கவேண்டும். இரண்டு வரிசையும் வேறு வேறாக இருந்தால் அங்கேதான் விஷயம். ஸ்டேஷனரி அண்ட் ஃபாண்ட்ஸில் ஒவ்வொரு எழுத்துருப் பொத்தானுக்குள்ளும் இதே இரட்டை வரிசை இருக்கிறது, அங்கே ஒருமுறை சமப்படுத்திவிட்டால் தினமும் போராட வேண்டாம்.

பெரும்பாலும் விண்டோஸ்காரர்களுக்குத்தான் எழுதுகிறீர்கள் என்றால் மொத்தத்துக்கும் நிர்மலா யூஐ வைத்துப் பாருங்கள், அதில் ஆங்கில எழுத்துகளும் உண்டு, இரண்டும் ஒரே கையால் வரைந்த மாதிரி அக்கம்பக்கமாக உட்காரும். லதாவை நம்ப வேண்டாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பட்டியலுக்குப் போய்விட்டன, எல்லாக் கணினியிலும் இருக்காது.

வரி இடைவெளியும் இதனால்தான் ஆடுகிறது. ஆங்கிலம் மட்டும் உள்ள வரி நெருக்கமாகவும், நடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்த வரி கொஞ்சம் விலகியும் நிற்கும், ஏனென்றால் உள்ளே புகுந்த தமிழ் எழுத்துரு தனக்கு வேண்டிய உயரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அவுட்லுக்கில் பத்தி அமைப்பில் வரி இடைவெளியை "எக்ஸாக்ட்லி" என்று வைத்து, 11 பாயின்ட் எழுத்துக்கு 18 பாயின்ட் கொடுத்தால் சமமாகும். 13, 14 என்று கஞ்சத்தனம் பிடித்தால் கொக்கியும் சுழியும் வெட்டுப்பட்டுப் போகும்.

சாய்வெழுத்தைத் தமிழில் போடவே போடாதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் வரையப்படவில்லை, மென்பொருள் நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது, அதைப் பார்த்துவிட்டு எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம்.

சிக்னேச்சர் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது

சிக்னேச்சரைப் பெரும்பாலும் வேர்டில் செய்தோ யாரோ அனுப்பியதை எடுத்தோ ஒட்டியிருப்போம். அதற்குள் வேறொரு உலகமே இருக்கும். சிக்னேச்சர் எடிட்டரைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து உரித்துவிட்டு, அங்கேயே எழுத்துருவும் அளவும் கொடுங்கள். ஆப்பிள் மெயிலில் சிக்னேச்சர் பகுதியில் இயல்பு எழுத்துருவோடு எப்போதும் பொருந்து என்ற ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டால் போதும்.

வருகிற மெயில் எல்லாமே சிறிதாக, அல்லது ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில்

இது உங்கள் பக்கத்து விஷயம், அனுப்பியவரைக் குறை சொல்ல வேண்டாம். அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் வாசிக்கும் பகுதியின் கீழே வலது மூலையில் ஜூம் சதவீதம் இருக்கும், அதன் மேல் கிளிக் செய்து 100 வைத்து, என் விருப்பத்தை நினைவில் வை என்ற டிக்கையும் போட்டால் அடுத்த மெயிலுக்கும் அது நிற்கும். எழுதும் ஜன்னலுக்கும் ஜூம் உண்டு, அங்கேதான் ஆபத்து: 150இல் வைத்துக்கொண்டு எழுதுபவருக்கு 8 பாயின்டே போதுமானதாகத் தெரியும், அவர் அதில் எழுதி அனுப்புவார், வாங்குபவர் பூதக்கண்ணாடி தேடுவார்.

தண்டர்பேர்டில் எழுத்துரு அமைப்பு மொழிவாரியாகப் பிரிந்திருக்கிறது. எழுத்துருப் பகுதியில் அட்வான்ஸ்டைத் திறந்தால் மேலே எந்த வரிவடிவத்துக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும், நாம் லத்தீனை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுவோம். "அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ்" என்பதற்கும் தமிழுக்கும் தனித்தனியாக அதே அளவைக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மெயில் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) வந்தது என்பதைப் பொறுத்து ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிந்துகொண்டே இருக்கும். அதே ஜன்னலில் மெசேஜ்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்ற டிக் பெட்டி உண்டு. அதை எடுத்துவிட்டால் யார் எந்தக் கோலத்தில் அனுப்பினாலும் உங்களுக்கு ஒரே முகத்தில் தெரியும். அதிகம் படிக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஃபோனில் எறும்பு மாதிரி தெரிகிறது

கணினியில் சரியாக இருக்கும் மெயில் ஃபோனில் பொடிப்பொடியாகத் தெரிந்தால், உள்ளே அகலமான அட்டவணையோ படமோ இருக்கிறது. திரைக்குள் அடக்குவதற்காக ஆப் மொத்த மெயிலையும் சுருக்கிவிடுகிறது, கூடவே எழுத்தும் சுருங்குகிறது. அட்டவணையை எடுத்துவிட்டுத் தனிக் கோப்பாக இணைத்து அனுப்புங்கள், படத்தைச் சின்னதாக்குங்கள். ஐஃபோனில் இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும், ரொம்பச் சின்ன எழுத்தை அது தானாகப் பெரிதாக்கிக் காட்டும், அதனால் அடிக்குறிப்பு மட்டும் பருத்துவிட்டது என்று தோன்றும்.

எதற்கும் மசியாத எழுத்து

உரித்துப் பார்த்தாயிற்று, வெறும் எழுத்தாக ஒட்டியாயிற்று, ஆனாலும் சில ஆங்கிலச் சொற்கள் மட்டும் தடித்தோ அலங்காரமாகவோ அப்படியே நிற்கின்றன. அது எழுத்துருவே இல்லை. சமூக வலைத்தளங்களுக்கு அழகெழுத்து செய்து தரும் கருவிகள், யூனிகோடில் கணிதத்துக்காக ஒதுக்கப்பட்ட தனிக் குறிகளை எடுத்துச் சொல்லாகக் கோர்த்துக் கொடுக்கின்றன. பார்க்க ஆங்கிலம், உள்ளே கணிதக் குறி. தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு அது சொல்லாகக் கேட்காது. அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டச்சு செய்வது ஒன்றுதான் வழி.

நூறு பேருக்கு அனுப்பும் மெயிலில் பெயர் மட்டும் துருத்துகிறது

என் பழைய கதைதான், பெரிய அளவில். வேர்டில் மெயில் மெர்ஜ் செய்பவர்கள் ஆல்ட்டையும் எஃப்9ஐயும் அழுத்திப் பெயர் வரும் இடத்தின் குறியீட்டை வெளியே கொண்டுவந்து, அதன் முடிவில் பின்சாய்வுக் கோடு, நட்சத்திரக் குறி, "சார்ஃபார்மேட்" என்ற சொல் இவற்றை ஆங்கிலத்தில் சேருங்கள். குறியீட்டின் முதல் எழுத்து எந்த எழுத்துருவில் எந்த அளவில் இருக்கிறதோ அதையே பெயரும் எடுத்துக்கொள்ளும். மெயில் அனுப்பும் சேவைகளில் அடைப்புக்குறிக்குள் பெயர் என்று வரும் இடத்தை, அடைப்புக்குறிகளையும் சேர்த்து செலக்ட் செய்து வடிவமைப்பை நீக்குங்கள். பாதி உள்ளே பாதி வெளியே என்று எடுத்தால் இன்னும் மோசமாகும்.

டெம்ப்ளேட்டை நீங்களே ஹெச்டிஎம்எல்லில் எழுதுகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். சில இடங்களில் மெயில் பழைய பாணி இயக்கத்தில் திறக்கும், அப்போது வெளியே கொடுத்த எழுத்தளவு அட்டவணைக்குள் இறங்காது, ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துருவையும் அளவையும் நேரடியாக எழுதிவிடுங்கள், திரும்பத் திரும்ப எழுதுகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். வலை எழுத்துரு போட்டால் அவுட்லுக்கின் பழைய வடிவம் அதைப் புரிந்துகொள்ளாமல், நீங்கள் மாற்றாகக் கொடுத்த ஏரியலையும் தாண்டிக் குதித்து டைம்ஸ் நியூ ரோமனுக்குப் போய்விடும், அவுட்லுக்குக்கென்று தனிக் கட்டளையில் ஏரியலைச் சொல்லவேண்டும். மெயில் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும், வேர்டிலிருந்து நேராக ஒட்டிய டெம்ப்ளேட்டுகள் குப்பை சேர்ந்து இந்த எல்லையைச் சுலபமாகத் தொடும்.

ஆள் யார் என்று இன்னும் தெரியவில்லை

பிரவுசரில் மெயிலைத் திறந்து, உறுத்தும் சொல்லின் மேல் வலது கிளிக் செய்து "இன்ஸ்பெக்ட்" கொடுங்கள். குரோமில் வலப்பக்கம் "கம்ப்யூட்டட்" என்ற பகுதியின் அடியில், உண்மையில் எந்த எழுத்துருவால் எத்தனை எழுத்து வரையப்பட்டது என்று பெயரோடு எழுதியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் "ஃபாண்ட்ஸ்" என்று தனிப் பகுதியே உண்டு. பக்கத்தில் ஒழுங்காக இருக்கும் ஒரு சொல்லுக்கும் இதையே செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எழுத்துருப் பெயர் வேறு என்றால் நிரப்பும் எழுத்துருவின் வேலை, பெயர் ஒன்றாக இருந்து பிக்சல் எண் மட்டும் வேறு என்றால் ஒட்டியதில் வந்த வினை. பெயரும் எண்ணும் இரண்டுமே ஒன்று, ஆனாலும் வித்தியாசமாகத் தெரிகிறது என்றால் தடிப்பையும் நிறத்தையும் பாருங்கள். கறுப்புக்குப் பக்கத்தில் கரும்சாம்பல் நிற எழுத்து அளவில் சிறுத்த மாதிரியே தோன்றும், நான் ஒருமுறை அரை மணி நேரம் அளவைத் தேடிக்கொண்டிருந்தது அந்த மாதிரி ஒரு நிறத்துக்காகத்தான்.